கசெற்றுக்கு வாயுள்ள பெட்டி

கரடிப்போக்குச் சந்தியில் ரெஜிதரன் கடை.
கண்ணாடி மேசையில் இரண்டை வைத்து,
மூன்றாவதைப் போனில் காட்டி,
"எதெண்டு சொல்லுங்கோ அக்கா" என்கிறான்.

முதலாவது உள்ளங்கை அளவு.
சீனத்துச் சாமான். பத்தாயிரம் விளையாட்டு உள்ளே.
எந்த இடத்திலும் நிறுத்தலாம்,
நிறுத்திய இடத்திலேயே நாளைக்கும் உயிரோடு எழும்பலாம்.
பத்தாயிரத்தையும் நான் எப்போது ஆடி முடிப்பது?
காலை ஐந்துக்கு வாகனம் வந்துவிடும்.

இரண்டாவது ஒரு பச்சைத் தகடு, சீட்டுக்கட்டு அளவு.
பெட்டி வேறு, மெமரி காட் வேறு, வயர் வேறு வாங்கி
நானே பூட்டவேண்டும்.
"கொஞ்சம் பிந்தும் அக்கா. நீங்கள் அமத்தி
அவன் பாய ஒரு ஐம்பது மில்லிசெக்கன் செல்லும்.
ஒருத்தருக்கும் விளங்காது."
எனக்கு விளங்கும்.
பதினொரு வருடமாய் முகமாலையில்
காதுக்கும் கைக்கும் இடையில் கிடக்கிற
அந்தத் துண்டு நேரத்துக்குத்தான் சம்பளம் எடுக்கிறேன்.

மூன்றாவது
பழைய சிப்பைப் போல நடிக்காதாம்.
அந்தச் சிப்பாகவே தன்னை மாற்றிக்கொள்ளுமாம்.
ஒறிஜினலுக்கு மயிரிழை பிசகாது என்றான்.
சுங்கத்தோடு இரண்டு மாதச் சம்பளம்.

ஒறிஜினலை நான் கண்டதே இல்லை, ரெஜிதரன்.
தொண்ணூற்றெட்டில் விசுவமடுவில் கரண்ட் ஏது?
கனடாவுக்குப் போன விமலரூபன் மச்சான்
மெஷினைத் தன்னோடு கொண்டுபோனான்,
ஒரேயொரு கசெற்றை எனக்குத் தந்தான்.
மஞ்சள் கசெற். ஒட்டுப்படத்தில்
சிறகு முளைத்த குதிரை, மேலே ஈட்டியோடு ஒரு பெண்.
அந்தப் படத்தைப் பார்த்தே ஆடினேன்.
வாயால் சத்தம் போட்டு, விரலால் மேசையைத் தட்டி,
ஏழாம் மட்டம் வரை போயிருக்கிறேன்.
ஏழாவதில் ஒரு குளம்.
குதிரை தண்ணிக்குள் இறங்கமாட்டன் என்றது.

இரண்டாயிரத்து ஒன்பது தை மாதம்
காணி உறுதியோடும் அம்மாவின் காப்போடும் சேர்த்து
பாட்டா பையில் சுற்றி மாமரத்தடியில் தாட்டோம்.
திரும்பி வந்து கிண்டினால்
உறுதி கூழ். காப்பை யாரோ எடுத்திருந்தார்கள்.
கசெற் ஒருத்தருக்கும் தேவைப்படவில்லை.

"கசெற் போட வாயுள்ளது ஒண்டும் இல்லையோ?"

சிரித்தான். ஸ்டூலில் ஏறி, மேல்தட்டில் துழாவி,
சாம்பல் நிறப் பெட்டி ஒன்றை இறக்கினான்.
மூவாயிரத்து ஐந்நூறு. கரண்டி இல்லை.
"சத்தம் பிழையாத்தான் வரும். கலரும் வேறை."
எதிலிருந்து வேறை?
காசை எண்ணி வைத்தேன்.

புது டிவியில் மஞ்சள் வயருக்கு ஓட்டை இல்லை.
சுபாங்கினி வீட்டுக் கோழிக்கூட்டின் மேல் கிடந்த
பெட்டி டிவியை
மோட்டார் சைக்கிளில் கட்டி இருவருமாய்க் கொண்டுவந்தோம்.
கசெற்றின் பல்லை அழிறப்பரால் தேய்த்தேன்,
வேலையில் செய்வதுபோல,
ஓரத்திலிருந்து, அவசரப்படாமல்.
சொருகினேன். ஒன்றுமில்லை.
எடுத்து, ஊதி, மறுபடி.

குதிரை வரவில்லை.
ஒரு பச்சை வெளி. ஆள் இல்லை, மாடு இல்லை.
தூரத்தில் சின்னக் குழி,
குழியில் நட்ட கம்பில் சிவப்புக் கொடி.
தொப்பி போட்ட ஒருவன் தடியோடு நிற்கிறான்.

சுபாங்கினி திரைக்குக் கிட்டப் போனாள்.
"எடியே, இது எங்கட வேலையெல்லோ!
இவன் ஏன் அதுக்குப் போட்டு அடிக்கிறான்?"

கோல்ஃப் என்று ரெஜிதரன் போனில் சொன்னான்.
படம் ஒன்று, உள்ளே வேறொன்று,
அந்தக் காலத்துக் கள்ளக் கசெற் அப்படித்தானாம்.
காசு திருப்பித் தரமாட்டானாம்.

பட்டனை அமத்தினேன்.
பிந்தவில்லை.
வெள்ளைக் குண்டு எழும்பி, கொடியைத் தாண்டி,
நீலத்துக்குள் விழுந்தது.

"அந்தக் குளம்" என்றேன்.
"எந்தக் குளம்?" என்றாள் சுபாங்கினி,
பதிலுக்கு நிற்காமல்
கையிலிருந்ததைப் பறித்தாள்.